பள்ளி வாரியமா, கவுண்டி நாற்காலியா?

கலிஃபோர்னியாவில் உள்ளூர் அரசியலில் இறங்க நினைப்பவர்கள் பள்ளி வாரியத்தையும், கவுண்டியை (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஆளும் சூப்பர்வைசர் குழுவையும் எடைபோட்டுப் பார்ப்பதுண்டு. சாண்டா கிளாரா கவுண்டியில் இரண்டிலும் உட்கார்ந்தவர் ஜோ சிமிட்டியன். 1983 முதல் 1991 வரை அந்தக் கவுண்டியில் உள்ள பாலோ ஆல்டோ நகரின் பள்ளி வாரியம், பிறகு நகரமன்றம், மேயர் பதவி. 1997-ல் கவுண்டி. அப்புறம் 2012 வரை மாநில சட்டப்பேரவையும் செனட்டும். 2013-ல் மறுபடி கவுண்டி! செனட்டராக இருந்தவர் இறங்கிவந்துவிட்டார் என்று தோன்றினால், கவுண்டியின் கஜானாவைப் பார்க்கவில்லை என்று அர்த்தம்.

ஜெயிக்க எளிது பள்ளி வாரியம்தான். நவம்பரில் ஒரே தேர்தல். காலியிடம் எத்தனையோ, அதிக வாக்கு வாங்கிய அத்தனை பேர் உள்ளே. கவுண்டிக்கு முதல் சுற்றிலேயே பாதிக்கு மேல் வாங்க வேண்டும், இல்லையென்றால் முதல் இருவரும் நவம்பரில் மறுபடி மோத வேண்டும். 19 லட்சம் பேர் வாழும் கவுண்டிக்கு ஐந்தே சூப்பர்வைசர்கள். பாலோ ஆல்டோ ஊரையே திரட்டினாலும் 70,000 பேர் தேறமாட்டார்கள். இரண்டு தேர்தலிலும் வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் இருக்காது, யார் எந்தக் கட்சி என்பது எல்லாருக்கும் தெரியும் என்றாலும்.

அதிகாரத்தில் வித்தியாசம் பெரிது. பள்ளி வாரியம், பள்ளிகளின் தலைமை நிர்வாகியான கண்காணிப்பாளரை நியமிக்கும், பட்ஜெட் போடும், ஆசிரியர் சங்கத்தோடு சம்பளம் பேசும். வரியில்தான் கை கட்டிக்கிடக்கிறது. 1978-ல் மாநில வாக்காளர்கள் வாக்களித்து நிறைவேற்றிய 13-ஆம் முன்மொழிவு சொத்து வரியை மதிப்பில் ஒரு சதவீதத்தோடு நிறுத்திவிட்டது. அதற்குமேல் மனைவரி (ஒவ்வொரு மனைக்கும் தனியாகப் போடும் வரி) கேட்டால், வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்புக்கொள்ள வேண்டும். கவுண்டியிடமோ மருத்துவமனை, சிறை, பொதுச் சுகாதாரம் எல்லாம் இருக்கின்றன. 2019-ல் திவாலான குழுமம் ஒன்றிடமிருந்து இரண்டு மருத்துவமனைகளை விலைக்கே வாங்கியது. நகர எல்லைக்கு வெளியே உள்ள நிலத்தில் யார் என்ன கட்டலாம் என்பதும் அவர்கள் கையில்.

இந்தக் கடைசி அதிகாரம் எவ்வளவு கனமானது என்பது ஸ்டான்ஃபோர்டு விவகாரத்தில் தெரிந்தது. பல்கலைக்கழகத்தின் பெரும்பகுதி நிலம் எந்த நகரத்துக்குள்ளும் வராது. அங்கே வரிவிலக்குள்ள வீடுகளில் வசிக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் பாலோ ஆல்டோ பள்ளிகளில் படிக்கிறார்கள். அந்த வீடுகளிலிருந்து பள்ளிக்குச் சொத்து வரி வருவதில்லை. 2019 ஏப்ரலில், விரிவாக்க அனுமதிக்காகக் கவுண்டியை ஸ்டான்ஃபோர்டு அணுகியிருந்த சமயத்தில், பள்ளிகளுக்குச் சுமார் 13.8 கோடி டாலர் கிடைக்கும்படி பள்ளி வாரியம் பல்கலைக்கழகத்துடன் ஓர் உடன்பாடு கண்டது. ஆனால் கவுண்டியுடனும் ஒப்பந்தம் முடிந்தால்தான் அது செல்லும். கவுண்டி சார்பில் பேச்சுவார்த்தைக்குப் பொறுப்பான இருவரில் ஒருவர், அதே பள்ளி வாரியத்தில் எட்டு ஆண்டுகள் இருந்த சிமிட்டியன்! தங்களைத் தாண்டி உடன்பாடு போடப்பட்டதால் கவுண்டி பேச்சை நிறுத்தியது. நவம்பரில் ஸ்டான்ஃபோர்டு விண்ணப்பத்தையே திரும்பப் பெற்றது. அந்த உடன்பாடும் அத்தோடு போனது. சிமிட்டியன் செய்தது சரி என்றே எனக்குப் படுகிறது. வீடு, போக்குவரத்து எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டியவர் பள்ளிகளுக்குக் கிடைக்கும் ஒரு பங்குக்காக மட்டும் தலையாட்ட முடியாது. பள்ளி வாரியத்தில் இருந்திருந்தால் அவரும் கையெழுத்துதான் போட்டிருப்பார் என்பது வேறு விஷயம்.

அதே மனிதர்தான் 2018-ல், பாலோ ஆல்டோ கிராண்ட் அவென்யூவில் கவுண்டிக்குச் சொந்தமான மனையில் ஆசிரியர்களுக்குக் குடியிருப்பு கட்டலாம் என்று யோசனை சொன்னார். ஃபேஸ்புக் 2.5 கோடி டாலர் தந்தது. 110 வீடுகள் எழுந்தன. ஆசிரியர்கள் வாடகை கொடுக்க முடியாமல் தொலைவிலிருந்து வண்டி ஓட்டிவருவது பள்ளி வாரியங்களுக்கும் நன்றாகவே தெரியும். ஆனால் மனை கவுண்டியிடம் இருந்தது.

ஆகவே என் ஓட்டு கவுண்டிக்கு, பள்ளிக்காக உழைக்க வருபவருக்கும்கூட. ஒரே நிபந்தனை: கோபத்தோடு பெற்றோர் நேருக்கு நேர் மைக் பிடிக்கும் பள்ளி வாரியக் கூட்டங்களில் முதலில் சில ஆண்டுகள் வெந்துவிட்டு வரவேண்டும். கவுண்டிக் கூட்டத்துக்கு அப்படி யாரும் திரண்டு வருவதில்லை.

கவுண்டிப் பெயர் எல்லா இடத்திலும் செல்லுபடியாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2024 மார்ச்சில் சிமிட்டியன் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குப் போட்டியிட்டு, இரண்டாம் இடத்தில் ஈவன் லோ என்ற போட்டியாளரும் அவரும் ஆளுக்கு 30,249 வாக்கு என்று சமமாக நின்றார்கள். மறு எண்ணிக்கையில் ஐந்து வாக்கில் வெளியேறினார். தொடர்ந்து மூன்று தவணைதான் என்ற வரம்பால் கவுண்டி நாற்காலியும் 2025 ஜனவரியில் கைமாறியது. அதில் வந்து அமர்ந்த மார்கரெட் அபே-கோகாவும் 2002-ல் கவுண்டிக் கல்வி வாரியத்துக்குத் தேர்வாகித்தான் அரசியலைத் தொடங்கியவர்.