டீசல் ஓட்டுகிறவன் சொல்கிறேன், பெட்ரோல் வாங்குங்கள்

மோட்டார்ஹோம், அதாவது வீடும் வண்டியும் ஒன்றான பெரிய வாகனம், அதை டீசலில் வாங்குவதா பெட்ரோலில் வாங்குவதா என்பதுதான் பேச்சு. முதலில் டீசலுக்குச் சேர வேண்டிய பாராட்டைக் கொடுத்துவிடுகிறேன். எழுத எழுதக் கோபம் ஏறி, பின்னால் அது விட்டுப்போனாலும் போகும்.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஐ-84 நெடுஞ்சாலையில் லா கிராண்டிலிருந்து பெண்டில்டன் பக்கம் போனவர்களுக்கு கேபேஜ் ஹில் இறக்கத்தைத் தெரிந்திருக்கும். ஆறு மைலுக்குள் ஏறக்குறைய 2,000 அடி கீழே வர வேண்டும். சரிவு 6 சதவீதம், நடுவில் கொண்டை ஊசி வளைவுகள் வேறு. முன்பு நாங்கள் வைத்திருந்த பெட்ரோல் மோட்டார்ஹோமில் இந்த இறக்கம் என்றால் ஒரு மைல் முன்னாலேயே பேச்சு நின்றுவிடும். டோ-ஹால் பட்டனை அழுத்தியதும் கியர் இறங்கும், எஞ்சின் நாலாயிரம் ஆர்பிஎம்முக்கு மேல் போய் அலறும். அந்த எஞ்சின் இருப்பதோ என் சீட்டுக்கும் மனைவி சீட்டுக்கும் நடுவில், ஒரு மூடிக்கு அடியில். வலது கால் பக்கம் சூடு, காது முழுக்கச் சத்தம். அப்படியும் போதாமல் பிரேக்கை விட்டு விட்டு அழுத்திக்கொண்டே வர வேண்டும்.

டீசலில் எக்ஸாஸ்ட் பிரேக் சுவிட்சைத் தட்டினால் போதும். எஞ்சினிலிருந்து வெளியேறப் பார்க்கும் புகையை டர்போ (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) நெருக்கிப் பிடிக்கும், அந்த எதிரழுத்தமே பன்னிரண்டு டன் வண்டியை இழுத்துப் பிடிக்கும். முதல்முறை அங்கே இறங்கியபோது இரண்டு பெடலிலிருந்தும் காலை எடுத்துத் தரையில் வைத்துவிட்டேன். பின்னால் கார் வேறு தொங்கிக்கொண்டு வருகிறது. லாரிகளோடு லாரியாக ஒரே வேகத்தில் இறங்கினோம். எஞ்சின் வண்டியின் பின்பக்கம் இருப்பதால் சத்தமெல்லாம் முப்பத்தைந்து அடிக்குப் பின்னால், படுக்கையறைக்கும் அந்தப் பக்கம். மனைவி ஏதோ கேட்டாள், நான் பதில் சொன்னேன். மோட்டார்ஹோம் ஓட்டியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று விளக்க வேண்டியதில்லை.

அடிப்படை விவரங்கள் எல்லோருக்கும் தெரிந்தவைதான், சட்டென்று தாண்டிவிடுகிறேன். பெரிய பெட்ரோல் வண்டி என்றால் அனேகமாக ஃபோர்டு எஃப்-53 சேசிஸ்தான், அதாவது வீட்டைத் தாங்கும் அடிச்சட்டம். நெடுநாள் ஓடிய 6.8 லிட்டர் வி10 போய், 2020 வாக்கில் 7.3 லிட்டர் வி8 வந்தது. 350 குதிரைத்திறன், 468 பவுண்டு-அடி டார்க், அதாவது சக்கரத்தைச் சுழற்றும் விசை. டீசலில் கம்மின்ஸ் கம்பெனியின் 6.7 லிட்டர் எஞ்சின் 360 குதிரைத்திறனோடு 800 பவுண்டு-அடி கொடுக்கும். 8.9 லிட்டர் என்றால் 450, 1,250. குதிரைத்திறனை மட்டும் பார்த்துவிட்டு ‘இரண்டும் ஒன்றுதானே’ என்று கேட்பவர்கள் டார்க் கணக்கைப் பார்க்கட்டும். நியூமார், டிஃபின் போன்ற மோட்டார்ஹோம் கம்பெனிகள் இரண்டு வகையையும் கட்டுகின்றன. நியூமாரின் கேன்யன் ஸ்டார் பெட்ரோல், டச் ஸ்டார் டீசல். டிஃபினில் ஓப்பன் ரோடு பெட்ரோல், ஃபேட்டன் டீசல். ஒரே கம்பெனிக்குள் ஒப்பிட இது வசதி.

சவாரியில் வித்தியாசம் முதல் மைலிலேயே தெரியும். பெட்ரோல் வண்டி ஸ்பிரிங் பட்டைமேல் உட்கார்ந்திருக்கிறது, டீசல் காற்றுப் பைமேல். பக்கத்தில் பதினெட்டுச் சக்கர லாரி ஒன்று தாண்டிப்போனால் பெட்ரோல் வண்டியை முதலில் தள்ளும், பிறகு இழுக்கும், ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருக்க வேண்டும். அதனால்தான் எஃப்-53 வாங்குகிறவர்கள் அடுத்த மாதமே ஆட்டத்தைக் குறைக்க ஸ்வே பார், டிராக் பார், ஸ்டியரிங் ஸ்டெபிலைசர் என்று ஒவ்வொன்றாகப் பூட்ட ஆரம்பிக்கிறார்கள். எல்லாம் பூட்டியபின் நன்றாகவே இருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் லாரி தாண்டும்போது டீசலில் காப்பியைக் கையில் வைத்திருக்கலாம்.

இன்னொன்று உயரம். கொலராடோவில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதை 11,158 அடியில் இருக்கிறது. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் ஏறக்குறைய 3 சதவீதம் சக்தியை இழக்கும். அங்கே போய்ச் சேரும்போது 350 குதிரைகளில் மூன்றில் ஒரு பங்கு கீழேயே தங்கிவிட்டிருக்கும். டீசலுக்கு டர்போ இருப்பதால் அது முனகாமல் ஏறும். பின்னால் காரை இழுப்பதிலும் அதே கதைதான். பெட்ரோல் வண்டியின் கொக்கி வழக்கமாக 5,000 பவுண்டு தாங்கும், டீசலில் 10,000.

சரி, பாராட்டு முடிந்தது. இனி டெஃப், அதாவது டீசல் புகையைச் சுத்தப்படுத்தத் தனி டாங்க்கில் ஊற்றும் திரவம்.

2010க்குப் பிறகு வந்த டீசல் மோட்டார்ஹோம்களில் இந்த நீல மூடி டாங்க் இருக்கும். 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்தமான தண்ணீர். புகைக்குழாயில் இதைத் தெளித்து நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கிறார்கள். நோக்கம் நல்லது, அதில் எனக்குச் சண்டை இல்லை. சண்டை அந்த டாங்க்குக்குள் தொங்கும் ஹெடரோடுதான். ஒரு தட்டு, அதிலிருந்து கீழே இறங்கும் குழாய்ச் சுருள், அதன் நுனியில் அளவையும் தரத்தையும் வெப்பத்தையும் பார்க்கும் சென்சார். மைனஸ் 11 டிகிரியில் யூரியாக் கரைசல் உறைந்துவிடும் என்பதால் எஞ்சினின் கூலன்ட்டை அந்தச் சுருளுக்குள் ஓட்டிச் சூடாக்குகிறார்கள். இந்தச் சென்சார் மண்டையைப் போட்டால், டாங்க் நிறைய நல்ல திரவம் இருந்தாலும் வண்டி அதை நம்பாது. முதலில் மஞ்சள் விளக்கு. பிறகு இழுவை குறையும். கடைசியில் மணிக்கு 5 மைல். முழு எஞ்சினும் ஆரோக்கியமாக இருக்கும்போதே ஐந்து மைல்!

எனக்கு விளக்கு எரிந்தது ஒரு முகாமிலிருந்து கிளம்பிய காலையில். நல்லவேளை, ஐந்து மைல் கட்டத்துக்குப் போவதற்குள் ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட முடிந்தது. அங்கே வரிசை. மோட்டார்ஹோமை உள்ளே விட நீளமான இடம் வேண்டும், லாரிக்காரர்களுக்குத்தான் முன்னுரிமை. அவர்கள் பிழைப்பு அது, குறை சொல்ல முடியாது. வாரங்கள் போயின. மெக்கானிக் மூடியைத் திறந்து காட்டியபோது வாய் ஓரமெல்லாம் பழைய கிணற்றடியில் உப்புப் பூத்தது போல வெள்ளைப் பொருக்கு, அம்மோனியா நெடி. ‘வண்டி அதிகம் ஓடுறதில்லையோ?’ என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் எல்லாம் இருக்கிறது.

இந்த அமைப்பு தினமும் ஓடும் லாரிக்காகச் செய்தது. லாரி ஒரு டாங்க் டெஃப்பைச் சில நாட்களில் தீர்த்துவிடும். நாமோ மோட்டார்ஹோமை அக்டோபரில் கொண்டுபோய் நிறுத்தி ஏப்ரலில் எடுக்கிறோம். கோடையில் இன்னும் மோசம். 25 டிகிரியில் வைத்தால் டெஃப் ஒன்றரை வருடம் தாங்கும், 35 டிகிரியில் ஆறு மாதம்தான். அரிசோனாவில் வெயிலில் நிற்கும் வண்டிகளை நினைத்துப் பாருங்கள். உழைப்பதற்கென்றே பிறந்த எஞ்சினை வாங்கி வருடத்தில் பாதி தூங்க வைக்கிறோம், அப்புறம் அது முறைத்துக்கொள்கிறது என்று அழுகிறோம்.

இது என் ஒருவன் புலம்பல் அல்ல. 2021-22இல் சிப் தட்டுப்பாட்டால் இந்த ஹெடர்கள் கிடைக்காமல் எத்தனையோ மோட்டார்ஹோம்கள் முகாம்களிலேயே முடங்கின. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே தலையிட்டு, சென்சார் இல்லாமலும் வண்டி ஓட சாஃப்ட்வேரில் தற்காலிகமாக வழி செய்துகொள்ள அனுமதிக்க வேண்டியிருந்தது. 2025 ஆகஸ்டில் இந்தத் திடீர் வேகக் குறைப்பைத் தளர்த்துவது பற்றி அதே முகமை புதிய வழிகாட்டுதலும் வெளியிட்டது. ஆக, பிரச்சினை இருக்கிறது என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டாயிற்று. என் பில்லை மட்டும் யாரும் திருப்பித் தரவில்லை.

நியாயமாகச் சொன்னால் பெட்ரோல் வண்டியும் சும்மா கிடந்தால் மக்கர் செய்யும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழசாகி ஜெனரேட்டரின் கார்ப்பரேட்டரில் பிசினாகப் படியும். மாதம் ஒருமுறை லோடு போட்டு ஓட்டாவிட்டால் வசந்தத்தில் முதல் பயணத்தில் ஏசி ஓடாது. ஆனால் கார்ப்பரேட்டரை நானே கழற்றித் துடைத்து மாட்டியிருக்கிறேன். வண்டி எங்கேயும் போய்ப் படுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு ஓட்டி வர முடிந்தது.

எஞ்சினைப் பார்ப்பதிலும் அப்படித்தான். டீசல் எஞ்சின் பின்னால் இருப்பதால் முன்னால் அமைதி என்று புகழ்ந்தேன் அல்லவா, அதற்கான வரி இங்கே. எஞ்சினுக்கு மேலிருந்து கை போட வேண்டுமானால் படுக்கையைத் தூக்க வேண்டும். மெத்தையை ஒரு பக்கம் சாய்த்து, தரைப் பலகையைத் திறந்து, மெக்கானிக் கிரீஸ் பூட்ஸோடு நம் கட்டிலைத் தாண்டி உள்ளே இறங்குவார். நாம் தலையணைகளைக் கட்டிக்கொண்டு சமையலறையில் நிற்போம். ஆயில் மாற்றுவது, இரண்டு ஃப்யூல் ஃபில்டர், பிரேக்குக்கான ஏர் டிரையர் என்று வருடாந்திரச் செலவும் தனி ரகம். 7.3 பெட்ரோலுக்கு 8 குவார்ட் ஆயில் போதும். பெரிய டீசலுக்கு அதைப்போல மூன்று மடங்குக்கு மேல் ஊற்ற வேண்டும். மைலேஜில் மிச்சம் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கேலனுக்கு ஒன்றிரண்டு மைல் கூடக் கிடைக்கும், டீசல் விலை அதை எடுத்துக்கொள்ளும்.

ஆடம்பரம் என்ற பெயரில் விற்பதை ஒப்பிடும்போது யாரும் அதிகம் பேசாத ஒன்று உண்டு. இரண்டு வகைக்கும் வித்தியாசம் பெரும்பாலும் தரைக்குக் கீழேதான். மேலே இருக்கும் வீடு, நடுத்தர விலை வரைக்கும், கிட்டத்தட்ட ஒரே வீடு. சுவரை வெளியே தள்ளி அறையை அகலமாக்கும் ஸ்லைடு இயந்திரம், ஏசி, ஜன்னல், தண்ணீர் பம்ப் எல்லாம் அதே சில சப்ளையர்களிடமிருந்து வருகின்றன. டீசலில் ஏறினால் டைல்ஸ் தரை, நல்ல மரவேலை, டீசலில் ஓடும் ஹைட்ரானிக் ஹீட்டர் கிடைக்கும். அந்த ஹீட்டரை மட்டும் தனியாகப் புகழ வேண்டும். வெந்நீர் தீராது, ஊதும் சத்தம் இல்லாமல் அறை சூடாகும். ஆனால் கூரை ஓரத்தில் இடுக்கை அடைக்கும் பசையான சீலன்ட் விரிசல் விட்டால் மழைத்தண்ணீருக்குப் பெட்ரோல் வண்டி டீசல் வண்டி என்ற பேதம் தெரியாது. சுவருக்குள் புகுந்து, ஃபைபர் தகடும் உள் பலகையும் பிரிந்து, வெளியே கொப்புளம் கட்டிவிடும். பழைய மோட்டார்ஹோம்களைக் கொல்வது எஞ்சின் அல்ல, தண்ணீர். கூடுதலாகக் கொடுத்த லட்சம் டாலரில் ஒரு டாலர்கூட அந்தச் சீலன்ட்டுக்குப் போகவில்லை என்பது என் தீராத எரிச்சல்.

இப்போது ஒரு நண்பர் கேட்கிறார். ஓய்வு பெறப்போகிறார். வருடத்தில் இரண்டு மூன்று மாதம் சுற்றுவது திட்டம். ‘பழைய டீசல் விலையெல்லாம் கொரோனா சமயத்தைவிட இப்ப நல்லா இறங்கியிருக்குங்க, எடுத்துடலாமா?’ என்கிறார். மேலே எழுதியதையெல்லாம் கூட்டிக் கழித்தால் டீசல்தான் நல்ல வண்டி. ஓட்ட, உட்கார, இறக்கத்தில் இறங்க, மலையில் ஏற, எதில் பார்த்தாலும் டீசல்தான். நான் அவரிடம் பெட்ரோல் வாங்கச் சொன்னேன். 7.3 எஞ்சின் போட்ட, அதிகம் ஓடாத வண்டியாகப் பார்த்து எடுங்கள், மிச்சப் பணத்தில் சஸ்பென்ஷனைச் சரிசெய்யுங்கள், காதுக்குப் பஞ்சு நான் வாங்கித் தருகிறேன் என்றேன். இது கணக்குப் பார்த்துச் சொன்ன பதில் இல்லை, பில்லைப் பார்த்துச் சொன்ன பதில். மூன்று மாதம் கழித்துக் கேட்டிருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ. ஆனால் அவர் இந்த வாரம்தானே கேட்டார்?

எதை எடுத்தாலும் சரி, ஏணி போட்டுக் கூரையில் ஏறிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம். டயரின் பக்கச்சுவரில் உள்ள கடைசி நான்கு இலக்கங்களைப் படியுங்கள். முதல் இரண்டு இலக்கம் தயாரித்த வாரத்தையும் அடுத்த இரண்டு இலக்கம் வருடத்தையும் சொல்லும். மோட்டார்ஹோம் டயர் தேய்ந்து சாவதில்லை, வயதாகித்தான் சாகும். ஜெனரேட்டரை ஆறிய நிலையிலிருந்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நான் போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்த ஒரு விற்பனையாளரை எனக்குத் தெரியும்.

நண்பர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். நேற்று ஒரு டீசலின் படத்தை அனுப்பியிருக்கிறார், 2018 மாடல், உட்புறம் அழகாகத்தான் இருக்கிறது. டெஃப் ஹெடரின் பார்ட் நம்பரைப் பதிலாக அனுப்பினேன். அதில் ஒன்றை வாங்கி ஸ்டெப்னி போல வண்டியிலேயே வைத்துக்கொள்ளட்டும்.