தத்தெடுப்புப் பதிவு: சேவை நன்று, சட்டம்தான் குறுக்கே நிற்கிறது

நாங்கள் அவிநாசி. என் தம்பிக்காக அரசின் தத்தெடுப்பு இணையதளத்தில் பதிவு செய்தோம். அவனுக்கு 43 வயது, கல்யாணம் ஆகவில்லை. பவர்டேபிள் தையல் மெஷின் போட்டு, கூலிக்குத் தைத்துக் கொடுக்கிற ஜாப் ஒர்க் எடுக்கிறான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நடுவில் புரோக்கர் கிடையாது. பான், ஆதார், வருமானச் சான்று, டாக்டர் சான்று எல்லாம் வீட்டிலிருந்தே ஏற்றலாம். தனி ஆள் என்றால், அவருக்கு ஏதாவது ஆனால் குழந்தையைப் பார்த்துக்கொள்வதாகச் சொந்தக்காரர் ஒருவர் எழுதித் தர வேண்டும். நான்தான் கையெழுத்துப் போட்டேன். அப்புறம் வீட்டாய்வு. வந்த அம்மா அவசரப்படாமல் பேசினார். சமையல்கட்டைப் பார்த்தார், கடன், சீட்டு வரைக்கும் கேட்டார், பக்கத்து வீட்டிலும் விசாரித்தார். குழந்தை வந்த பிறகும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு வருடம் வந்து பார்ப்பார்களாம். 2022 செப்டம்பர் முதல் தத்து உத்தரவுக்குக் கோர்ட்டுக்கு அலைய வேண்டாம், கலெக்டரே தருகிறார்.

இவ்வளவு துருவிப் பார்த்தும் தம்பி கேட்டது கிடைக்காது. அவன் கேட்டது பெண் குழந்தை. 2015 இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 57(4): தனி ஆண் பெண் குழந்தையைத் தத்தெடுக்க முடியாது. தனிப் பெண் யாரையும் எடுக்கலாம்.

என் வீட்டுக்காரர் தவறின பிறகு நான் பனியன் கம்பெனி ஷிஃப்ட்டுக்குப் போனால், என் மகளுக்குத் தலை பின்னி, டிபன் கட்டி, பஸ் ஏற்றிவிட்டது அவன்தான். அவள் பெரியவளானபோது சீர் கொண்டுவந்ததும் அவன்தான். பெண் பிள்ளைக்குத் தாய்மாமனை முன்னால் நிறுத்துகிற சீமை இது. பெண் சிசுக்களைக் காப்பாற்றத் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் தொடங்கியதும் பக்கத்துச் சேலத்தில்தான். ஒரு பெண் குழந்தையை ஆசையாய்க் கேட்டு வருகிறவனை தனி ஆண் என்பதற்காகவே திருப்பி அனுப்பலாமா?

தனி ஆணிடம் பெண் குழந்தையைக் கொடுக்கிற பயம் எனக்கும் புரிகிறது, நானும் பெண்ணைப் பெற்றவள். ஆனால் ஒருவன் ஆபத்தானவன் என்றால் பையனையும் அவனிடம் கொடுக்கக் கூடாது. அதைக் கண்டுபிடிக்கத்தானே வீட்டாய்வு?

தத்தெடுக்காமல் குழந்தையை வீட்டில் வைத்து வளர்க்கிற வளர்ப்புப் பராமரிப்புக்கு 2024இல் வந்த வழிகாட்டுதல் தனி ஆட்களுக்கும் கதவைத் திறந்தது, ஆனால் ஆணுக்கு அங்கேயும் பையன் மட்டும்தான். தத்தெடுப்பு விதியில் தம்பதி என்றால் இரண்டு வருடத் திருமண வாழ்வு வேண்டும், கல்யாணம் செய்யாத ஜோடி சேர்ந்து எடுக்க முடியாது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி கவுலும் அந்த விதி செல்லாது என்றார்கள். மற்ற மூவரும் ஒத்துக்கொள்ளாததால் விதி நின்றது. அங்கேயும் ஆளைப் பார்க்கும் முன்பே தாலியைப் பார்க்கிறார்கள்.

தம்பி இப்போது பையனுக்குப் பதிந்து காத்திருக்கிறான். வருகிற பிள்ளையைக் கண்ணாக வளர்ப்பான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பதிய நினைக்கிறவர்கள் தள்ளிப்போடாதீர்கள்: தனி ஆளுக்கு 40 தாண்டினால் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை கிடையாது, 45 தாண்டினால் நான்கு வயதுக்குட்பட்டதும் கிடையாது. 57(4)ஐ நீக்கச் சொல்லி எங்கள் எம்.பி.க்குக் கடிதம் போட்டிருக்கிறேன். உங்கள் தொகுதி எம்.பி.க்கு நீங்களும் எழுதுங்கள்.