வீட்டிலேயே ஃப்ளோரைடு பார்க்கும் டெஸ்ட் கிட்: வேலை செய்கிறது, நிற அட்டைதான் சொதப்பல்

மகளுக்கு எட்டு வயது. புதிதாக முளைத்த முன்பற்களில் சுண்ணாம்பைத் தீற்றியது போல வெள்ளைக் கோடுகள். பல் மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, எந்தத் தண்ணீர் குடிக்கிறாள் என்பதுதான். தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகமானால் பல்லில் இப்படிக் கோடு விழுமாம். அன்று ராத்திரி அண்ணியிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ்: "ஃப்ளோரைடு பிள்ளைங்க மூளையையே மந்தமாக்கிடுமாம், முதல்ல அந்த பேஸ்ட்டைத் தூக்கிக் குப்பையில போடு." சரி, போடுவதற்கு முன்னால் தண்ணீரில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்றுதான் இந்த கிட்டை வாங்கினேன்.

பெட்டியில் ஒரு கண்ணாடிக் குழாய், சிவப்பு ரசாயனம் உள்ள சின்ன பாட்டில், ஒரு நிற அட்டை, எறும்பு எழுத்தில் ஒரு தாள். 5 மி.லி. தண்ணீர் எடுத்து, சொன்ன அளவு சொட்டு விட்டு, குலுக்கி வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஃப்ளோரைடு இல்லையென்றால் ரோஜா நிறத்திலேயே நிற்கும். இருந்தால் அது சாயத்தைப் பிடித்து வைத்திருக்கும் சிர்க்கோனியம் என்ற உலோகத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், சிவப்பு வெளிறி மஞ்சளாகிவிடும். பார்க்க அழகாகவே இருக்கிறது, மகள் மூன்று முறை செய்யச் சொல்லி ரசாயனத்தை வீணாக்கினாள்.

குறை எங்கே என்றால், அட்டையில் 0.5-ம் 3-ம் பளிச்சென்று வேறு வேறாகத் தெரிகின்றன, ஆனால் 1, 1.5, 2 மூன்றும் கிட்டத்தட்ட ஒரே காவி நிறம். ஜன்னல் பக்கம் பிடித்தால் ஒன்று, ட்யூப்லைட்டில் பிடித்தால் ஒன்று. எனக்கு 1.5 மாதிரி தெரிந்தது, கணவர் 2 என்று அடித்துச் சொன்னார். தெளிவாகத் தெரிய வேண்டிய இடமே அதுதான். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் உச்சவரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2024 ஆகஸ்ட்டில் வெளியிட்ட அறிக்கையும் அந்த 1.5-க்கு மேலே போனால்தான் குழந்தைகளின் ஐக்யூ குறைவதோடு தொடர்பு இருப்பதாக மிதமான உறுதியோடு சொல்கிறது. அங்கே தண்ணீரில் சேர்க்கப் பரிந்துரைக்கும் 0.7 அளவில் பாதிப்பு உண்டா என்று சொல்லத் தரவு போதாது என்றும் அதே அறிக்கை சொல்கிறது. அண்ணிக்கு வந்த ஃபார்வர்டில் இந்த இரண்டாவது பாதி காணோம். 2025-இல் 74 ஆய்வுகளைச் சேர்த்து அலசிய கட்டுரையிலும் ஃப்ளோரைடு ஏற ஏற ஐக்யூ இறங்குகிறது என்றுதான் வந்தது, ஆனால் அவற்றில் 52 ஆய்வுகள் பிழைக்கு அதிகம் இடமுள்ளவை என்று அவர்களே குறித்திருக்கிறார்கள். நியூசிலாந்தின் டனீடனில் குழந்தைகளைப் பெரியவர்களாகும் வரை தொடர்ந்து பார்த்த ஆய்வில், ஃப்ளோரைடு சேர்த்த தண்ணீர் குடித்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் ஐக்யூவில் வித்தியாசம் தெரியவில்லை.

அட்டையை நம்ப முடியாமல் அதே தண்ணீரை ஒரு லேபுக்கும் கொடுத்தேன். 1.8 என்று வந்தது. ஆக கிட் பொய் சொல்லவில்லை, எங்கள் கண்தான் தடுமாறியது.

அப்புறம் வீட்டில் இருப்பதையெல்லாம் சோதித்தோம். கொதிக்க வைத்துப் பாதியாகச் சுண்டிய தண்ணீர் இன்னும் மஞ்சளாக வந்தது, தண்ணீர்தானே ஆவியாகிறது, ஃப்ளோரைடு அங்கேயேதான் கிடக்கும். இத்தனை நாள் காய்ச்சிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தேன் என்று நினைத்தால் எரிச்சலாக வருகிறது. கார்பன் ஃபில்டரில் பிடித்த தண்ணீரிலும் குழாய்த் தண்ணீருக்கு வந்த அதே நிறம்தான். ஆர்ஓ தண்ணீர் மட்டும் அசல் ரோஜா நிறம்.

பேஸ்ட்டைக் கரைத்தும் ஊற்றினேன், கிட் ஒன்றும் காட்டவில்லை. பேஸ்ட்டில் ஃப்ளோரைடே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். எங்களுடையதில் இருப்பது சோடியம் மோனோஃப்ளோரோபாஸ்பேட், அதில் ஃப்ளோரைடு தனியாகப் பிரிந்து நிற்காது, அதனால் இந்தச் சோதனையில் சிக்காது. அதற்குக் கணக்குதான் வழி. 1000 பிபிஎம் பேஸ்ட் என்றால் ஒரு கிராமுக்கு 1 மில்லிகிராம். பட்டாணி அளவு என்பது கால் கிராம் இருக்கும், முழுவதையும் விழுங்கினாலும் கால் மில்லிகிராம்தான் உள்ளே போகும். எங்கள் குழாய்த் தண்ணீர் ஒரு லிட்டரிலேயே 1.8. அண்ணியின் குப்பைத்தொட்டி யோசனை யாரை விட்டுவிட்டு யாரைப் பிடித்தது என்று புரிந்தது. பேஸ்ட் அப்படியே தொடர்கிறது, மகளுக்குப் பட்டாணி அளவு, இரண்டு வயதுத் தம்பிக்கு அரிசி அளவு.

மகளின் பல்லில் உள்ள கோடுகள் தண்ணீரை மாற்றினால் போகாது, எனாமல் உருவான காலத்திலேயே விழுந்தவை. தம்பிக்கு நிலைப்பற்கள் இப்போதுதான் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கின்றன, அவனுக்காகத்தான் குடிக்கவும் சமைக்கவும் ஆர்ஓவுக்கு மாறினோம். பால் பவுடர் கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தை இருந்தால் இந்தச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள், அவர்களுக்குச் சாப்பாடே தண்ணீர்தான்.

வாங்குபவர்களுக்கு இன்னொன்று. தண்ணீரில் குளோரின் இருந்தால் சாயம் வெளுத்து அளவு கூடுதலாகக் காட்டும், படிகாரம் போட்டுத் தெளியவைத்த தண்ணீர் என்றால் குறைவாகக் காட்டலாம். இதைத் தாளின் கடைசி வரியில் பொடி எழுத்தில் ஒளித்து வைத்திருக்கிறார்கள். பாட்டில் மூடியும் கசிகிறது, என் விரல் இரண்டு நாள் சிவப்பாக இருந்தது. ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன், அட்டையை மட்டும் ஒழுங்காக அச்சடித்திருந்தால் நாலரை.

அண்ணி நேற்று தன் வீட்டுத் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். குளோரின் போகட்டும் என்று ஒரு பாத்திரத்தில் ஊற்றி, மூடாமல் வைத்திருக்கிறேன்.