பூட்டிய போனும் டி.எச். ரோடு கடையும்

சென்னை விமான நிலையத்தில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் தண்டையார்பேட்டையில் இறங்கலாம். 2021 பிப்ரவரிக்கு முன்பு ரயில் வண்ணாரப்பேட்டையோடு நின்றுவிடும். அங்கிருந்து இரண்டு பெட்டிகளோடு ஆட்டோ பேரம் பேச வேண்டும். இந்த முறை பேரம் இல்லாமல் வீடு சேர்ந்ததே பாதி விடுமுறை போலிருந்தது. மீதிப் பாதியைப் போன் எடுத்துக்கொண்டது.

தங்கைக்கு ஒரு ஐபோன் கொண்டுவந்திருந்தேன். கலிபோர்னியாவில் நான் வாடிக்கையாளராக இருக்கும் தொலைபேசி நிறுவனம், ஒன்று வாங்கினால் இன்னொன்று இலவசம் என்று பதினான்கு மாதங்களுக்கு முன் கொடுத்தது. இரண்டாவதற்கு வீட்டில் ஆள் இல்லை, மேசை இழுப்பறைக்குள் பெட்டியோடு தூங்கியது. சும்மா கிடப்பதைத் தங்கை பயன்படுத்தட்டுமே என்ற நல்ல எண்ணம்தான். அவளும் தெருவில் நாலு வீட்டுக்குச் சொல்லிவிட்டாள்.

டி.எச். ரோட்டில் பத்தடி அகலத்தில் ஒரு மொபைல் கடை. கல்லாவுக்குப் பின்னால் இருந்த பையன் தங்கையின் பழைய போனிலிருந்து சிம்மை எடுத்து, ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, என் ஐபோனைத் திருப்பினான். வலப்பக்கம் பார்த்தான், இடப்பக்கம் பார்த்தான், அடியைப் பார்த்தான். வெளிச்சத்துக்குக் கீழே சாய்த்து விரலால் தடவிப் பார்த்தான். பிறகு ஊசியைக் கீழே வைத்துவிட்டு, "சார், இதில் சிம் போட ஓட்டையே இல்லையே!" என்றான்.

உண்மைதான். 2022-இல் வந்த ஐபோன் 14 தொடங்கி அமெரிக்காவில் விற்கும் ஐபோன்களில் சிம் தட்டு கிடையாது, அட்டை இல்லாமல் கருவிக்குள்ளேயே பதியும் இ-சிம் மட்டும்தான். என் சொந்தப் போனும் அப்படித்தான். ஆனால் அதில் தட்டு இல்லை என்பதை நான் ஒருநாளும் கவனித்ததில்லை. பையன் அசரவில்லை. இ-சிம்முக்கு மாற்றிவிடலாம் என்று அமைப்புகளுக்குள் போனவன் ஒரு வரியில் நின்றான். இந்தப் போன் தொலைபேசி நிறுவனத்தோடு பூட்டப்பட்டிருக்கிறது, வேறு நிறுவனத்தின் சிம்மை ஏற்காது.

அன்றிரவு நிறுவனத்தின் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். அங்கே காலை நேரம், பேசிய பெண் மிகுந்த மரியாதையோடு கணக்கைச் சொன்னார். போனின் விலை 800 டாலர். அதை 36 மாதத் தவணையாக என் கணக்கில் எழுதியிருக்கிறார்கள். மாதம் 22 டாலர் 22 சென்ட் பற்று வைத்து, அதே பில்லில் அதே தொகையை வரவும் வைக்கிறார்கள். அந்த வரவுதான் 'இலவசம்'. பதினான்கு மாதம் போக இன்னும் 22 மாதம் பாக்கி. பூட்டைத் திறக்க வேண்டுமானால் ஏறத்தாழ 489 டாலரை இப்போதே கட்ட வேண்டும். கட்டினால் மீதி வரவு நின்றுவிடும். இதோடு, இலவசத்துக்காகச் சேர்த்த இரண்டாவது எண்ணுக்கு மாதம் 40 டாலர். ஆளே இல்லாத எண்ணுக்கு இதுவரை 560 டாலர் வாடகை கொடுத்திருக்கிறேன். விற்பனை வரியை வாங்கிய அன்றே முழு விலைக்கும் போட்டு வசூலித்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. விலையில்லாப் பொருளுக்கு வரி எதற்கு என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டாமா?

இத்தனைக்கும் நான் இந்த விஷயத்தில் புதியவன் அல்ல. நான் அமெரிக்கா போன 2008-இல்தான் ஐபோன் 3ஜி வந்தது. அதற்கு முந்தைய ஆண்டு 599 டாலருக்கு விற்ற முதல் ஐபோனை இரண்டே மாதத்தில் 399 ஆக்கியதில், முதலில் வாங்கியவர்கள் கொதித்துப்போய், ஆப்பிள் தன் கடையில் செலவழிக்க அவர்களுக்கு 100 டாலர் வரவு கொடுத்துச் சமாதானம் செய்தது. 3ஜி வந்தபோது இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தோடு 199 டாலர். அதே ஆண்டு ஆகஸ்டில் ஏர்டெல்லும் வோடபோனும் இந்தியாவில் அதை 31,000 ரூபாய்க்கு விற்றன. 199 டாலர் அன்றைய மாற்று விகிதத்தில் ஒன்பதாயிரத்தைத் தொடாது. ஊரிலிருந்து ஒரு மாமா விடாமல் போன் செய்து, "இரண்டு வாங்கி வா" என்றார். மீதி விலையை மாதக் கட்டணத்துக்குள் மறைத்து வாங்கிக்கொள்கிறார்கள், போனும் பூட்டித்தான் வருகிறது என்று அவருக்கு விளக்கிய ஆள் நான்தான்.

பிறகு அமெரிக்க நிறுவனமான டி-மொபைல் 2013-இல் ஒப்பந்தத்தைக் கைவிட்டது. ஏடி அண்டு டி 2016 ஜனவரியில் மானிய விலையை நிறுத்தியது. போன் தனி, கட்டணம் தனி என்று ஆகிவிட்டதாக நானும் நம்பினேன். முன்வாசலில் போன மானியம் வரவு என்ற பெயரில் கொல்லைப்புறமாக வந்திருக்கிறது. இரண்டு ஆண்டு மூன்று ஆண்டாகியிருக்கிறது.

நம் ஊரில் இந்த வித்தை பெரிதாக எடுபடாததற்குக் காரணம் ஒன்றும் மர்மமில்லை. பெரும்பாலானவர்கள் முன்பணம் கட்டிப் பேசுகிறவர்கள். எண்ணை மாற்றாமலே நிறுவனம் மாறும் வசதியும் 2011 ஜனவரி முதல் நாடு முழுக்க இருக்கிறது. 28 நாளில் விட்டு ஓடிவிடக்கூடியவருக்கு யார் இருபதாயிரம் ரூபாய்ப் பொருளை முன்கூட்டிக் கொடுப்பார்கள்? (அந்த 28 நாள் கணக்கும் ஒரு சாமர்த்தியம். ஆண்டுக்குப் பன்னிரண்டு அல்ல, பதின்மூன்று ரீசார்ஜ்.) கொடுத்துப் பார்க்காமலும் இல்லை. 2003-இல் ரிலையன்ஸ் 501 ரூபாய்க்குக் கையில் போனைக் கொடுத்தது. எங்கள் தெருவிலேயே மூன்று வீடுகளில் வாங்கினார்கள். சிடிஎம்ஏ கருவி. எண் கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும், சிம் என்ற பேச்சே இல்லை. அன்றைக்கு அதைப் பூட்டு என்று எங்களுக்குத் தோன்றவில்லை. வீட்டுக்குள் நடந்துகொண்டே பேசலாம் என்ற சந்தோஷம் அவ்வளவு.

தங்கை மகன் கல்லூரியில் படிக்கிறான். அவனுக்கு ஒரு யோசனை. "மாமா, பர்மா பஜாரில் திறந்துவிடுவார்கள். வாருங்கள்." மறுநாள் பீச் ஸ்டேஷன் எதிரே போனோம். பர்மாவிலிருந்து திரும்பியவர்கள் 1969-இல் தொடங்கிய கடை வரிசை. எங்கள் காலத்தில் டேப் ரெக்கார்டரும் சென்ட் பாட்டிலும் இருந்த இடத்தில் இப்போது போன் உறைகள் தோரணம் போலத் தொங்குகின்றன. வயதான ஒரு கடைக்காரர் போனை வாங்கக்கூட இல்லை. "பாக்கி இருக்கிறதா?" என்றார். இருக்கிறது என்றேன். "அப்படியென்றால் தொடாதீர்கள் தம்பி. இன்றைக்குத் திறந்தாலும், நீங்கள் கட்டாமல் விட்டால் அந்த நிறுவனத்துக்காரன் போனின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ.யைக் கறுப்புப் பட்டியலில் போட்டுவிடுவான்." ஒரு பைசா வாங்காமல் சொன்ன ஆலோசனை. உதவி எண்ணில் நாற்பது நிமிடம் கேட்டதைவிடத் தெளிவாக இருந்தது. பக்கத்துத் தெருவில் ஆளுக்கொரு தட்டு அத்தோ சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம்.

எனவே மறுபடி டி.எச். ரோடு. தங்கை பார்த்து வைத்திருந்த ஆண்ட்ராய்டு போனுக்கு விலைச்சீட்டில் 17,999 ரூபாய். பெட்டியில் அச்சிட்ட எம்.ஆர்.பி. அதைவிட அதிகம். 18 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் அதற்குள் அடக்கம், வெளியே வந்து கூட்டிப் பார்க்க எதுவும் இல்லை. இந்த ஒழுங்கை நான் அமெரிக்காவில் ஏங்கியிருக்கிறேன். கடைக்குள்ளேயே ஒரு மூலையில் நாற்காலி போட்டுக் கடன் நிறுவனத்து இளைஞர் ஒருவர் டேப்லெட்டோடு இருந்தார். "அக்கா, வட்டியில்லாத இ.எம்.ஐ., ஆறு மாதம், மாதம் மூவாயிரம். ஆதார், பான் இரண்டும் போதும்" என்றார். நான் கடைக்காரரிடம், ரொக்கம் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். 17,000 என்றார். வட்டியில்லாத் தவணைக்கு 18,000. அதற்குமேல் நடைமுறைக் கட்டணம், அந்தக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. வட்டி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது.

தங்கை மகன் என் காதருகே வந்து, அவன் நண்பன் ஒருவனின் போன் தவணை தவறிய நாலாம் நாள் தானாக முடங்கிவிட்டது என்றான். கடன் கொடுத்தவர்கள் வாங்கும்போதே ஒரு செயலியை ஏற்றிவிட்டிருக்கிறார்கள். திரையில் கட்டச் சொல்லும் அறிவிப்பைத் தவிர வேறொன்றும் வரவில்லையாம். நான் என் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

பணம் நான் கொடுப்பதாக இருந்தேன். தங்கை விடவில்லை. கைப்பையிலிருந்து ஐந்நூறு ரூபாய்த் தாள்களை எடுத்து எண்ணி வைத்தாள். தெருப் பெண்கள் சேர்ந்து நடத்தும் ஏலச் சீட்டில் பொறுத்திருந்து கடைசியாக எடுத்த பணம். "முன்னாலேயே எடுத்திருந்தால் தள்ளிக் கேட்க வேண்டும், அண்ணா. கடைசி என்பதால் முழுசாக வந்தது" என்றாள். அமெரிக்காவில் பதினேழு ஆண்டு பில் கட்டியவன் வாயடைத்து நின்றேன்.

கடை விஷயத்தில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பெட்டியை எங்கள் கண்ணெதிரே பிரித்தார்கள். தங்கை மகன் *#06# அழுத்தி வந்த எண்ணைப் பெட்டியில் உள்ளதோடு ஒப்பிட்டான், கே.ஒய்.எம். என்ற ஆங்கில எழுத்துகளோடு அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பி, கருவி சரியானதுதான் என்று பதில் வந்த பிறகே தலையாட்டினான். பையன் அதே ஊசியால் தட்டை வெளியே இழுத்துச் சிம்மை வைத்தான். அரை நிமிடத்தில் கோபுரக் கோடுகள் நான்கும் எழுந்தன. திரைக் கண்ணாடி ஒட்டியதற்கு மட்டும் 150 ரூபாய் வாங்கினார்கள், அது கொஞ்சம் அதிகம்.

அமெரிக்கா திரும்பும் நாள் ஐபோனைப் பெட்டிக்குள் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். தங்கை வந்து நின்றாள்.

"போனை எடுத்துக்கொண்டு போ, அண்ணா. அந்த அட்டைப் பெட்டியை மட்டும் வைத்துவிட்டுப் போ. சீட்டு ரசீது போட்டு வைக்க நன்றாக இருக்கும்."