அருங்காட்சியகமா, தாரமங்கலமா?

பிள்ளைகளுக்குப் பழைய சிற்பம் காட்ட சேலம் அரசு அருங்காட்சியகம் போவதா, சேலம் மாவட்டத்திலேயே உள்ள தாரமங்கலம் கைலாசநாதர் கோயிலா என்று குழம்புகிறவர்களுக்கு:

செலவு: அருங்காட்சியகத்தில் சின்ன நுழைவுக் கட்டணம். கோயிலில் டிக்கெட் இல்லை, பஸ் காசுதான்.

நேரம்: அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை. கோயிலில் மதியம் நடை சாத்திவிடுவார்கள்.

பார்க்க: அருங்காட்சியகத்தில் நடுகல், நாணயம் என்று பல காலத்துப் பொருள்கள் ஒரே கூரையின்கீழ். தாரமங்கலத்தில் விளக்க அட்டையெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். ஆனால் இந்தப் பகுதியை ஆண்ட கெட்டி முதலிகள் கட்டிய மண்டபத்தில் யாளி வாய்க்குள் கல் உருண்டை உருளும், வெளியே வராது! ராமர் சிற்பம் உள்ள தூணிலிருந்து பார்த்தால் இன்னொரு தூணில் வாலி தெரிவான். வாலி நிற்கும் இடத்திலிருந்து ராமரைத் தேடினாலும் கிடைக்கமாட்டார். என் ஓட்டு இதற்குத்தான்.

பள்ளி ப்ராஜெக்ட் என்றால் அருங்காட்சியகம். சிற்பியின் கைவேலையை ரசிக்க தாரமங்கலம், காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.