முதுகுவலியோடு கார் தேடினேன்: மூன்று சீட்டுகளும் என் தேர்வும்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழ்முதுகில் எல்4, எல்5 எலும்புகளுக்கு நடுவே உள்ள டிஸ்க் பிதுங்கி, வலி இடது கால் வரை இறங்குகிற எனக்கு ஒத்துவந்தது செடானுக்கும் பெரிய எஸ்யூவிக்கும் இடைப்பட்ட உயரமுள்ள ஒரு கிராஸ்ஓவர். அதிலும் மேல் வேரியன்ட், அதாவது வசதிகள் அதிகமுள்ள வகை. மாடல் பெயரைச் சொல்லாமல் விடுவதற்குக் காரணம் இருக்கிறது. ஒரே மாடலில் கீழ் வேரியன்ட் சீட்டும் மேல் வேரியன்ட் சீட்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் கீழ் வேரியன்ட்டில் பெரும்பாலும் லம்பார் சப்போர்ட் (கீழ்முதுகுக்கான தாங்கல்) இருக்காது, சிலவற்றில் உயரம் மாற்றும் வசதிகூட இருக்காது. பெயரை மட்டும் நம்பி வாங்கினால் நான் புகழ்ந்த சீட் உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம்.

ஐந்தடி இரண்டு அங்குலம் என் உயரம். இதைச் சொல்லாமல் சீட்டைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமே இல்லை. உயரமான என் கணவருக்குப் பிடித்த சீட் எனக்கு ஆகாது, எனக்குப் பிடித்தது அவருக்கு ஆகாது.

முதலில் பார்த்தது தாழ்வான ஒரு செடான். உட்கார்ந்தவுடன் சுகமாக இருந்தது. "சோஃபா மாதிரி இருக்கும் மேடம், உட்கார்ந்து பாருங்க" என்று விற்பனையாளரும் அழைத்தார். ஆனால் என் பிசியோதெரபிஸ்ட் முன்பே எச்சரித்திருந்தார்: "மெத்துனு இருக்கேன்னு மயங்கிடாதீங்க. இடுப்பெலும்பு எங்க உட்காருதுன்னு பாருங்க." அவர் சொன்னது அப்படியே நடந்தது. ஓட்ட ஓட்ட, மென்மையான பஞ்சுக்குள் இடுப்பு மெல்லப் பின்னோக்கிச் சரிந்தது. கீழ்முதுகின் இயல்பான வளைவு போய், முதுகு கூன் போட்டதுபோல் ஆகிவிட்டது. இறங்கும்போது இன்னும் சிரமம். இடுப்பை விட முழங்கால் மேலே இருந்ததால் கதவுத் தூணைப் பிடித்து இழுத்துத்தான் எழ முடிந்தது. கால்வலி உள்ளவர்கள் இந்த உயரத்துக் கார்களைப் பார்க்கவே வேண்டாம் என்பேன்.

அடுத்தது பெரிய எஸ்யூவி. சீட் கெட்டியாக, நன்றாகவே இருந்தது. ஏறுவதுதான் பாடு. ஒரு காலை மேலே வைத்து உடம்பைத் திருகி ஏற வேண்டும். டிஸ்க் பிரச்சினை உள்ளவருக்கு அந்தத் திருகல்தான் ஆகாது. சீட்டின் ஓரத்தில் உயர்ந்து நிற்கும் கெட்டியான பக்கவாட்டு மெத்தை வேறு இறங்கும்போது தொடையில் உரசியது.

கிராஸ்ஓவரில் சீட்டின் விளிம்பு ஏறக்குறைய என் இடுப்பு உயரத்தில் இருந்தது. பின்பக்கமாக உட்கார்ந்து, இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே திருப்பினால் போதும். இறங்கும்போதும் அப்படித்தான். அதற்குக் கதவு அகலமாகத் திறக்க வேண்டும், கதவுக்குக் கீழே உள்ள படிவிளிம்பும் அகலம் குறைவாக இருக்க வேண்டும். இரண்டும் இதில் இருந்தன.

இனி லம்பார் சப்போர்ட். கொஞ்சம் நேரம் எடுத்துச் சொல்கிறேன், ஏனென்றால் விளம்பரங்களில் இந்த ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். சில கார்களில் அது முன்னும் பின்னும் மட்டும் நகரும். எனக்கு அது பயன்படவில்லை, விலா எலும்புக்குக் கீழே போய் முட்டியது. மேலும் கீழும் நகர்கிற, அதாவது நான்கு திசையிலும் மாற்றக்கூடிய சப்போர்ட்தான் என்னைப் போன்ற குட்டையானவர்களுக்கு வேண்டும். இந்தக் காரில் சீட்டின் பக்கவாட்டில் ஒரு வட்டப் பொத்தான். கீழ்ப்பக்கம் அழுத்திப் பிடித்தால், முதுகுக்குப் பின்னால் ஏதோ மெல்ல இறங்குவது தெரியும். பெல்ட் கட்டும் இடத்துக்கு வந்ததும் விட்டேன். பிறகு கொஞ்சம் முன்னே தள்ளினேன். கீழ்முதுகுக்கும் சீட்டுக்கும் நடுவே உள்ளங்கையை நுழைத்துப் பார்த்தேன், நுழையவில்லை. ஷோரூமில் செய்யக்கூடிய எளிய சோதனை இது. கை தாராளமாகப் போய்வந்தால் அங்கே தாங்கல் இல்லை என்று அர்த்தம்.

இதற்குப் பின்னால் பழைய ஆராய்ச்சி இருக்கிறது. 1970களில் சுவீடனில் நாகெம்சன், ஆண்டர்சன் ஆகிய மருத்துவர்கள் இடுப்பு டிஸ்க்குக்குள்ளேயே ஊசி செலுத்தி அழுத்தத்தை அளந்தார்கள். சாய்மானத்தைப் பின்னே சாய்க்கும்போதும், கீழ்முதுகுக்குத் தாங்கல் கொடுக்கும்போதும் அழுத்தம் குறைந்தது. அதற்காகப் படுத்துக்கொண்டு ஓட்ட முடியாது. செங்குத்துக்குச் சற்றுப் பின்னே, 100 முதல் 110 டிகிரி வரை வைத்தால் எனக்குச் சரியாக இருக்கிறது.

சாய்மானத்தைச் சாய்த்தால் ஸ்டியரிங் எட்டாமல் போகும். அதனால் ஸ்டியரிங் மேலும் கீழும் மட்டும் அல்ல, நம்மை நோக்கியும் இழுக்க வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் கை நீட்டுவதற்காகவே முதுகு சீட்டை விட்டு விலகிவிடும். அதே நேரம் ஏர்பேக் இருப்பதால் நெஞ்சுக்கும் ஸ்டியரிங் நடுப்பகுதிக்கும் 25 செ.மீ. இடைவெளியாவது வேண்டும். குட்டையானவர்கள் பெடலுக்காகச் சீட்டை முன்னே இழுத்துவிடுவதால் இது முக்கியம்.

சீட்டின் நீளமும் அப்படித்தான். பின்னால் முழுதாக ஒட்டி உட்கார்ந்தபின் முழங்கால் மடிப்புக்கும் சீட் விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் நாமே முன்னே நகர்ந்து முதுகுத் தாங்கலை விட்டுவிடுவோம். உயரம் மாற்றும் லீவரையும் இயக்கிப் பாருங்கள். சில கார்களில் பின்பக்கம் மட்டும் தூக்கி, சீட் முன்னே சரிந்துவிடுகிறது.

கியர் விஷயத்தில் யோசிக்கவே இல்லை, ஆட்டோமேட்டிக். இடது கால் வலியோடு நெரிசலில் கிளட்சை மிதிப்பது தண்டனை.

சீட்டை மட்டும் பார்த்தால் போதாது. உட்கார்ந்த உடம்பு மேலும் கீழுமான அதிர்வை, நொடிக்கு நான்கு முதல் எட்டு முறை வரை வருகிற வேகத்தில்தான் மிக அதிகமாக உணர்கிறது. மோசமான சாலையில் அந்த அதிர்வும் சேர்ந்து வருகிறது. இங்கேதான் எனக்கு ஒரு ஆதங்கம். நல்ல சீட் வேண்டுமென்றால் மேல் வேரியன்ட், மேல் வேரியன்ட் என்றால் பெரிய ரிம்மும், பக்கவாட்டு உயரம் குறைந்த மெல்லிய டயரும். குழியில் இறங்கினால் இடுப்பில் தெரிகிறது. கேட்டு ஒரு அளவு சிறிய ரிம் போட்டுக்கொண்டோம். கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் அந்த அளவு அனுமதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மாற்றினோம். அதிர்வு கண்டிப்பாகக் குறைந்திருக்கிறது.

வாங்குமுன் ஒன்றில் பிடிவாதமாக இருங்கள். கடையைச் சுற்றி வருகிற டெஸ்ட் டிரைவ் வேண்டாம், ஒரு மணி நேரமாவது ஓட்டக் கேளுங்கள், கரடுமுரடான சாலையும் சேர்த்து. தயங்கினால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். போகும்போது சிறிய துண்டைச் சுருட்டிக் கையில் எடுத்துப் போங்கள். இடுப்புக்குப் பின்னால் வைத்ததும் நிம்மதியாக இருந்தால், அந்தச் சீட்டின் தாங்கல் உங்களுக்குப் பொருந்தவில்லை.

ஜெர்மனியில் முதுகு நலத்துக்காகவே இயங்கும் ஏஜிஆர் அமைப்பு சில சீட்டுகளுக்கு முத்திரை கொடுக்கிறது. ஓப்பல், ஃபோக்ஸ்வாகன் கார்களில் பார்க்கலாம். நல்ல தொடக்கப் புள்ளிதான், ஆனால் முத்திரை இருந்தாலும் உட்கார்ந்து பார்க்காமல் வாங்காதீர்கள். சீட்டைச் சூடாக்கும் வசதியையும் ஆடம்பரம் என்று தள்ளிவிட வேண்டாம். சாப் நிறுவனம் 1971லேயே அதைத் தன் கார்களில் கொடுத்தது. நீண்ட ஓட்டத்தில் இறுகிய தசைக்கு அந்த இளஞ்சூடு எனக்கு நிஜமாகவே இதம்.

நான் தேர்ந்தெடுத்த கிராஸ்ஓவர் சீட்டில் பிடிக்காதவையும் உண்டு. ஹெட்ரெஸ்ட் தலையை முன்னே தள்ளுகிறது, அதன் சாய்வை மாற்ற வழியில்லை. லெதர் உறை வழுக்குகிறது, துணி உறையாக இருந்தால் இடுப்பு நின்ற இடத்தில் நிற்கும். சீட் அமைப்பை நினைவில் வைக்கும் பொத்தானும் இதில் இல்லை. கணவர் ஓட்டிய மறுநாள், சாவியைத் திருப்புவதற்கு முன் எல்லாவற்றையும் நான் மறுபடி சரிசெய்ய வேண்டியிருக்கிறது. காரை இருவர் மாறி மாறி ஓட்டுகிற வீடு என்றால், அந்தப் பொத்தான் உள்ள வேரியன்ட்டையே கேட்டு வாங்குங்கள்.