பழைய வாசல் கதவு: செப்பனிடுவதா, மாற்றுவதா?

மழை வந்தால் இறுகிக்கொள்கிறது, வெயிலில் இடுக்கு விடுகிறது, தாழ்ப்பாள் விழ வேண்டுமானால் தோளால் ஒரு தள்ளு தள்ள வேண்டியிருக்கிறது. நூறு வருடத்துக் கதவு இருக்கும் வீட்டில் இந்த மூன்று புகாரில் ஒன்றாவது இருக்கும். 'எடுத்துவிட்டுப் புதுசு மாட்டிவிடலாமே' என்பார் ஒருவர். 'அந்த மரம் இனிமேல் கிடைக்குமா' என்பார் இன்னொருவர். இருவருமே கதவைத் தொட்டுப் பார்க்காமல் பேசுகிறவர்கள்.

நான் இரண்டு வழியிலும் போயிருக்கிறேன். முதலில் இருந்த வீட்டில் பழைய கதவைக் கழற்றிவிட்டு ரெடிமேட் கதவு மாட்டினோம். அடுத்த வீட்டில் இருந்ததையே செப்பனிட்டோம். இரண்டையும் பார்த்தபிறகு ஒரு விஷயத்தை உறுதியாகச் சொல்வேன்: கதவை மாற்றத் தூண்டும் குறைகளில் பெரும்பாலானவை கதவில் இருப்பதே இல்லை. கீலிலும் நிலையிலும் இடுக்கிலும் இருக்கின்றன. அதைப் பார்க்காமல் எந்தக் கதவு நல்லது என்று ஒப்பிடுவதில் பயனில்லை.

நோய் எங்கே?

கதவைப் பாதி திறந்து, பூட்டு இருக்கும் பக்கத்தைக் கையால் மேலே தூக்கிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் கீலின் திருகுகள் பிடி விட்டிருக்கின்றன. மூடிய நிலையில் மேலே பூட்டுப் பக்கம் இடுக்கு அகலமாகவும், கீழே அதே பக்கம் தரையில் உரசலுமாக இருந்தால் கதவு தொங்கிவிட்டது என்று பொருள். இது அரை நாள் வேலை. பழைய திருகுத் துளையில் மரக்குச்சியைப் பசையோடு அடைத்து, காய்ந்ததும் புதிதாகத் துளையிட்டு, நிலையைத் தாண்டி உள்ளே நன்றாகப் பிடிக்கும் நீளமான திருகு போட்டால் கதவு எழுந்து நிற்கும். தொங்கின கதவின் அடியை இழைத்துத் தள்ளுகிறவர்கள் உண்டு. அதைச் செய்யவிடாதீர்கள். கீலைச் சரிசெய்த பிறகு, இழைத்த இடம் நிரந்தர இடுக்காக நின்றுவிடும்.

அடுத்து ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு கீழே உட்காருங்கள். நிலைக்கால்களின் அடி, கதவின் அடிச்சட்டம், சட்டங்கள் சேரும் மூலைகள் ஆகிய மூன்று இடங்களிலும் குத்திப் பாருங்கள். நல்ல மரம் முனையைத் திருப்பித் தள்ளும். இற்ற மரம் உள்ளே வாங்கிக்கொள்ளும். மரத்தின் ஈரப்பதம் தொடர்ந்து 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பூஞ்சை வேலையை ஆரம்பித்துவிடும். மழைநீர் தெறிப்பதும் தரை ஈரம் ஏறுவதும் இந்த இடங்களில்தான். தட்டிப் பார்த்தால் பொள்ளல் சத்தம் கேட்கிறதா என்றும் கவனியுங்கள். மேலே பெயின்ட் பளபளவென்று இருக்க, உள்ளே கரையான் தின்றுவிட்டுப் போயிருக்கலாம்.

இந்தப் பத்து நிமிடச் சோதனை முடிந்தால் பாதி முடிவு கையில் இருக்கும்.

இருப்பதைச் செப்பனிடுவது

பழைய கதவு பிரித்துக் கோக்கும்படி செய்யப்பட்ட பொருள். சட்டத்தின் முனையை நாக்குப்போலச் செதுக்கி, அடுத்த சட்டத்தின் துளையில் இறக்கி, ஆப்பு அடித்துச் சேர்த்திருப்பார்கள். நடுவில் உள்ள பலகைகளை எங்கும் ஒட்டியிருக்க மாட்டார்கள். சட்டத்தின் காடிக்குள், அதாவது நீளவாக்கில் எடுத்த பள்ளத்துக்குள், அவை சும்மா உட்கார்ந்திருக்கும். இதற்குக் காரணம் உண்டு. மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது. குறுக்குவாக்கில் காற்றின் ஈரத்தைப் பொறுத்து விரிந்து சுருங்கும். 250 மி.மீ. அகலமுள்ள தேக்குப் பலகை, ஈரப்பதம் 5 சதவீதம் மாறினால் 2 மி.மீ.க்கு மேல் நகரும். ஓக் கிட்டத்தட்ட அதன் இருமடங்கு நகரும். அந்த நகர்வுக்கு இடம்விட்டுத்தான் தச்சர் காடி எடுத்திருக்கிறார். பிற்காலத்தில் பெயின்ட் மேல் பெயின்ட் அடித்து, பட்டி வைத்து அடைத்து, பலகையைச் சட்டத்தோடு ஒட்டவைத்துவிடுகிறோம். சுருங்க இடமில்லாமல் பலகை நடுவில் பிளக்கிறது. உடனே 'மரம் போச்சு' என்கிறோம். ஓரத்தில் சேர்ந்துபோன பெயின்டைக் கத்தியால் கீறி விடுவித்து, பிளவில் அதே ஜாதி மரத்தின் மெல்லிய சீவலை வைத்து அடைத்தால் பலகை மறுபடி நல்ல பலகைதான்.

அடிச்சட்டம் இற்றிருந்தால் இரண்டு வழி. சின்ன இடமென்றால் இற்றதைச் சுரண்டி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, எபாக்ஸி என்னும் கெட்டியாக இறுகும் பசையை ஊறவைத்து நிரப்பலாம். பெரிய இடமென்றால் நல்ல மரம் தென்படும்வரை வெட்டி, சாய்வெட்டில் புதுத் துண்டைச் சேர்ப்பதே உத்தமம். காயாத மரத்தில் எபாக்ஸி பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, அடுத்த சில பருவங்களில் பக்கத்து மரம் இற ஆரம்பிக்கும். நிரப்பியது மட்டும் கெட்டியாக நிற்கும், சுற்றிலும் பஞ்சாகிவிடும்.

பெயின்ட் உரிக்கும்போது இரண்டு எச்சரிக்கை. முதலாவது உயிர் சம்பந்தப்பட்டது. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். அமெரிக்கா வீட்டுப் பெயின்டில் ஈயத்தைத் தடைசெய்தது 1978-இல். பல நாடுகளில் தடை அதற்கும் வெகு பிந்தித்தான் வந்தது. ஆகவே காய்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். தூசு வீடு முழுக்கப் பரவும், தவழும் குழந்தையின் கைக்குப் போகும். தீச்சுவாலை காட்டி உரிப்பது அதைவிட மோசம். வெப்பத் துப்பாக்கியும் 590 பாகை செல்சியசைத் தாண்டினால் ஈயம் புகையாகக் கிளம்பும் அபாயம் உண்டு. மேற்பரப்பை நனைத்துத் தேய்ப்பது, பசைபோன்ற உரிப்பான் பூசிச் சுரண்டுவது, கீழே விரிப்புப் போட்டு அத்தனையையும் சுருட்டி அப்புறப்படுத்துவது ஆகியவைதான் பாதுகாப்பு. சோதனைப் பட்டை வாங்கி முதலிலேயே பார்த்துவிட்டால் இன்னும் நல்லது.

இரண்டாவது, கதவை அப்படியே காரத் தொட்டியில் முக்கி எடுக்கும் வேலை. ஒரே நாளில் மரம் வெளுப்பாக வெளியே வரும், பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் பழைய பசையைக் காரம் கரைத்துவிடும், மூட்டுகள் தளரும், நார் எழும்பி மேற்பரப்பு சொரசொரப்பாகும். நல்ல கதவுகள் இப்படி நடுங்கும் கதவுகளாகத் திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். மனசு கேட்கவில்லை.

இந்த வழியின் உண்மையான குறை நேரம். கதவைக் கழற்றிய நாட்களில் வாசலுக்குத் தற்காலிக அடைப்பு வேண்டும். பழைய மூட்டு தெரிந்த தச்சர் கிடைக்க வேண்டும். மறுபடி சில வருடங்களுக்கு ஒருமுறை பெயின்டோ எண்ணெயோ பூச வேண்டும். அதைச் செய்ய மனமில்லாதவர் செப்பனிடாமல் இருப்பதே நேர்மை.

அதே சாயலில் புது மரக்கதவு

நெடுஞ்சட்டங்களே, அதாவது கதவின் இரு ஓரத்திலும் செங்குத்தாக நிற்கும் சட்டங்களே, இற்று மூட்டு பிடிக்க மரம் இல்லாமல் போனால், அல்லது முன்பே யாரோ அசல் கதவை எடுத்துவிட்டு ஒட்டுப்பலகைக் கதவு மாட்டியிருந்தால், பிரதி செய்வது நியாயம். அமெரிக்க உள்துறை 1977-இல் வகுத்த பழங்கட்டடச் சீரமைப்பு நெறிகளும் இந்த வரிசையைத்தான் சொல்கின்றன: முடிந்தவரை செப்பனிடு, முடியாதபோது பொருள், வடிவம், நிறம், மேற்பரப்பு ஆகியவற்றில் பழையதோடு ஒத்துப்போவதை வை.

இந்த வழியில் ஏமாற நிறைய இடம் இருக்கிறது. பழைய கதவுகளில் மெதுவாக வளர்ந்த, நெருக்கமான வளையங்கள் கொண்ட வைரப் பகுதியை, அதாவது மரத்தின் கெட்டியான உட்பகுதியை, பார்க்கலாம். இன்று விரைவாக வளர்த்து வெட்டிய மரத்தில் வெளிப்புறத்து வெள்ளைப் பகுதி நிறைய வரும்; பூச்சிக்கும் பூஞ்சைக்கும் அது சீக்கிரம் பணியும். மரத்தின் பெயரைக் கேட்டு வாங்குவதோடு நிற்காமல் சட்டத்தின் முனை வளையத்தைப் பார்த்து வாங்குங்கள். மரம் காய்ந்ததா என்று ஈரமானி வைத்து அளக்கச் சொல்லுங்கள். காயாத மரத்தில் செய்த கதவு முதல் வெயில் காலத்திலேயே முறுக்கிக்கொள்ளும், அதற்குப் பிறகு வைத்தியம் கிடையாது. பலகைகளைக் காடிக்குள் ஒட்டாமல் விடுவார்களா என்பதையும் கேட்டுவிடுங்கள். அந்தக் கேள்விக்கு வரும் பதிலிலேயே தச்சர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும்.

இதற்கு அண்ணன் முறையில் ஒரு வழி உண்டு: இடித்த வீட்டிலிருந்து வந்த அதே காலத்துக் கதவு. மரம் நன்றாக இருக்கும், முகமும் பொருந்தும். அளவுதான் சிக்கல். பெரிய கதவை ஓரளவு குறைக்கலாம், ஆனால் ஒவ்வொரு பக்கமும் எடுக்கும் மில்லிமீட்டர் மூட்டின் நாக்கைத் தின்கிறது. சிறிய கதவை வளர்ப்பது அதைவிடக் கஷ்டம். அளவு நெருங்கி வந்தால் மட்டும் வாங்குங்கள். பெயின்டில் ஈயம் இருக்கலாம் என்பது அதற்கும் பொருந்தும்.

ஃபைபர், எஃகு, யூபிவிசி (கெட்டிப் பிளாஸ்டிக்)

ரெடிமேட் கதவுகளைத் தூக்கி எறிந்து பேச எனக்கு விருப்பமில்லை. பராமரிப்பு குறைவு. உள்ளே நுரை நிரப்பிய ஃபைபர் கதவும் எஃகுக் கதவும் வெப்பத்தை நன்றாகத் தடுக்கும். பல புள்ளிகளில் ஒரே சமயத்தில் பூட்டும் அமைப்போடு வருகின்றன. மாட்டுகிற வேலையும் பெரும்பாலும் ஒரு நாளில் முடிந்துவிடும்.

ஆனால் வெப்பக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். கெட்டி மரக்கதவு ஒன்று, சதுர மீட்டருக்கு ஒரு பாகை வித்தியாசத்தில் ஏறக்குறைய 3 வாட் வெப்பத்தைக் கடத்தும். இங்கிலாந்தின் இப்போதைய விதி, மாற்றி வைக்கும் கதவுக்கு 1.4 வாட் என்கிறது. கதவின் பரப்பு 2 சதுர மீட்டர்தான். உள்ளுக்கும் வெளிக்கும் 15 பாகை வித்தியாசம் இருந்தால் மிச்சமாவது சுமார் 50 வாட். இப்போது இடுக்கைப் பாருங்கள். 1 மீட்டர் அகலம், 2.1 மீட்டர் உயரமுள்ள கதவைச் சுற்றி 3 மி.மீ. இடுக்கு இருந்தால் மொத்தத் திறப்பு 186 சதுர சென்டிமீட்டர். பக்கத்துக்கு 13 சென்டிமீட்டருக்கு மேல் உள்ள சதுர ஓட்டையைச் சுவரில் போட்டு வைத்ததற்குச் சமம். காற்றும் தூசும் இரைச்சலும் உள்ளே வருவது அதன் வழியாகத்தான். நிலையில் காடி எடுத்துப் பதிக்கும் தூரிகைப் பட்டை, கதவடியில் இறங்கும் ரப்பர் பட்டை இரண்டும் போட்டால் பழைய கதவின் பெரிய குறை தீர்ந்துவிடும். முகத்தில் ஒன்றும் தெரியாது.

பூட்டிலும் இதே கதைதான். உடைத்து நுழைகிறவன் பெரும்பாலும் பலகையை உடைப்பதில்லை. பூட்டின் நாக்கு போய் உட்காரும் இடத்தில் நிலையைப் பிளக்கிறான். நீளமான தகடும் நிலைக்குள் ஆழமாக இறங்கும் திருகும் பழைய கதவுக்கும் போடலாம். சட்டத்துக்குள் பதியும் நல்ல லீவர் பூட்டுக்குப் பழைய சட்டத்தின் தடிமன் பெரும்பாலும் போதும். பலகை மட்டும் மிக மெலிதாக இருந்தால் உள்பக்கம் இன்னொரு பலகை கொடுக்கலாம். இந்த ஒரு விஷயத்தில் ரெடிமேட் கதவுக்கு ஒரு படி மேல் மதிப்பெண் கொடுப்பேன், அதற்கு மேல் இல்லை.

நாள் போகப்போக இவற்றின் நிலை என்ன? எஃகு அடி விளிம்பில் துருப்பிடிக்கும். ஃபைபரின் மேல்தோல் உடைந்தால் ஒட்டுப்போட்டது தெரியாமல் மறைப்பது கடினம். யூபிவிசி வெப்பத்தில் நன்றாக நீளும்: 2 மீட்டர் துண்டைத் தடையின்றி விட்டால் 30 பாகை ஏற்றத்தில் 4 மி.மீ. நீளும், மரம் நார்வாக்கில் கால் மி.மீ.தான். நேர் வெயில் விழும் வாசலில் அடர்நிற யூபிவிசி கதவு மதியத்தில் பூட்ட மறுப்பதற்கு இது ஒரு காரணம். பூட்டு அமைப்போ கீலோ பழுதானால் அதே மாதிரி உதிரி அப்போதும் தயாரிப்பில் இருக்க வேண்டும். மரக்கதவில் கெட்டதை மட்டும் வெட்டி எடுக்கலாம். இங்கே முழுசாக மாற்றத்தான் வேண்டும்.

இன்னொன்றை எங்கள் முதல் வீட்டில்தான் கற்றுக்கொண்டேன். ரெடிமேட் கதவு தன் நிலையோடு வருகிறது. பழைய வாசல்கள் நேர்ச்சதுரமாக இருப்பது அபூர்வம், அளவும் தயாரிப்பு அளவுக்குப் பொருந்தாது. ஆகவே பழைய நிலையை அறுத்து எடுத்தார்கள், சுவர்ப்பூச்சு இரண்டு பக்கமும் பெயர்ந்தது, மேலே இருந்த வண்ணக் கண்ணாடி வளைவும் போயிற்று. புது நிலையின் சட்டம் தடிமனாக இருந்ததால் வழியும் குறுகியது. கதவுக்குக் கொடுத்த விலையில் இவை எதுவும் சேர்த்தியில்லை. உங்கள் வீடு பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இருந்தால் இவ்வளவு தூரம் போகும் முன் அனுமதி கேட்கவும் வேண்டும்.

பழைய கண்ணாடி இருக்கிற கதவென்றால் கூடுதல் கவனம். அலையலையாக இருக்கும் அந்தக் கண்ணாடி உடைந்தால் சிதறி வெட்டும். அதைக் கழற்றாமல், உள்பக்கம் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்றை இடைவெளி விட்டுப் பொருத்தினால் இரண்டும் காப்பாற்றப்படும்.

என் தீர்ப்பைக் கேட்டால்: நெடுஞ்சட்டம் கெட்டியாக இருந்தால் செப்பனிடுங்கள், யோசிக்க வேண்டாம். சட்டம் போய்விட்டது, நிலை நன்றாக இருக்கிறது என்றால் அந்த நிலைக்கே புது மரக்கதவு செய்யுங்கள். நிலையும் கதவும் கரையானுக்குப் போய்விட்டது, பராமரிக்க ஆளும் இல்லை என்றால் ஃபைபர் கதவைக் குறை சொல்ல மாட்டேன். யூபிவிசியை மட்டும் பழைய வீட்டு முகப்பில் என்னால் சிபாரிசு செய்ய முடியவில்லை.

எதை மாட்டினாலும், கழற்றிய கதவில் மரம் மிச்சமிருந்தால் அதை வைத்திருங்கள். சுவரில் சாய்த்தால் வளையும். ஒரே உயரமான மூன்று கட்டைகளின் மேல் படுக்க வைத்து, பிளாஸ்டிக் தாளைத் தவிர்த்துத் துணியால் மூடுங்கள். கீல், தாழ்ப்பாள், பூட்டு, திருகு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு அதோடு கட்டிவிடுங்கள். முதல் வீட்டில் நான் இதைச் செய்யவில்லை. கதவு அன்று மாலையே லாரியில் போய்விட்டது. சாவி மட்டும் இன்னும் என்னிடம் இருக்கிறது.